கடைசிப் பந்தி

அத்தியாயம் 11

ரோபாட் வண்டியை வேனில் ஏற்றி முடித்ததும் ரித்திகா ரிமோட்டைத் தன் பையில் வைத்துக்கொள்ளவில்லை. மெல்லிய துணியில் சுற்றி சபரீஷின் கையில் கொடுத்தாள்.

"வலது கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தியே வெச்சுக்க. மறந்துபோட்டு ரெண்டையும் அமுக்கிராத" என்றாள்.

சபரீஷ் தலையாட்டினான். படிக்காத பாடத்தில் பரீட்சை எழுதப் போகிறவன் முகம் அவனுக்கு.

பட்டறையின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த லோகப்பிரியாவுக்கு அது காதில் விழுந்தது. அதோடு சரி. உபரி பேட்டரி, தண்ணீர் கேன், கழுத்தில் மாட்டும் அட்டைகள் என்று அவள் நினைப்பு வேறு பக்கம் இருந்தது.

சிங்காநல்லூரில் இருக்கிற அந்தப் பட்டறையில் அவள் கணவன் கிருபாசங்கர் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறான். முன்பகுதியில் அடுக்கியிருந்த, எண்ணெய்க் கசிவை அடைக்கும் ஆயில் சீல் வளையங்களின் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, அங்கே நான்கு பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, ரோபாட் போட்டிக்கு ஓர் அணியை ஆரம்பித்தது லோகப்பிரியாதான். பள்ளிக்கூடம் எதுவும் பின்னால் இல்லாத அணி. பெயர் என்ன வைப்பது என்று பிள்ளைகள் முழித்தபோது, உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்து 'ஆயில் சீல்' என்றான் தேஜா. அதுவே நிலைத்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் லோகப்பிரியா ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவள். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து, எந்த பேரிங் சத்தம் போடப் போகிறது என்று சொல்லிவிடுவாள். ரித்திகா பிறந்த பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. இந்த அணிதான் அவள் வெகுகாலத்துக்குப் பிறகு தனக்கென்று தொடங்கிய காரியம்.

அந்த அணியால் அவளுக்கு இன்னொன்றும் கிடைத்தது. புது வீடு பால் காய்ச்சிய அன்று பந்தியில் சாப்பாடு பற்றாமல் போய், நாத்தனார் பிரவீனாவின் கணவர் கை நனைக்காமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பிரவீனாவின் மகன் சபரீஷ்தான் ஒருநாள் சைக்கிளில் தானாக வந்து, "நானும் சேந்துக்கட்டுங்களா அத்தை?" என்று பட்டறை வாசலில் நின்றான். மகனைத் தேடிக்கொண்டு பிரவீனா வந்தாள். காபி குடித்தாள். மறுவாரமும் வந்தாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மகனுக்காக ஒரு வார்த்தை சொன்னாள்.

அன்று மாலையே லோகப்பிரியா அறிவித்துவிட்டாள். போட்டியில் வண்டியை ஓட்டப்போவது சபரீஷ்.

அந்த வண்டியை முதல் திருகிலிருந்து முடுக்கி, அதற்கு நிரல் எழுதி, மாதக்கணக்கில் அந்தச் சிமெண்ட் தரையில் ஓட்டிப் பழகியவள் ரித்திகா.

"வண்டி இடது பக்கம் இழுக்குதும்மா. என்ற கைக்குத்தான் அது பழகியிருக்குது" என்று அவள் அப்போதே சொன்னாள்.

லோகப்பிரியாவுக்கு அது சாக்காகத்தான் பட்டது. மற்றப் பிள்ளைகள் எதிரில் மகள் சிணுங்குகிறாளே என்று கூச்சமாகவும் இருந்தது. "இங்க நான் உனக்கு அம்மா இல்ல. மேடம்னு கூப்புடோணும்னு சொல்லியிருக்கறனல்ல?" என்றாள்.

ரித்திகா தலையாட்டிவிட்டு வண்டியிடம் திரும்பினாள். அன்று ராத்திரி வீட்டில் இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று கேட்டபோது, "போதுங்க மேடம்" என்றாள். விளையாட்டு என்று நினைத்து லோகப்பிரியா சிரித்தாள். அந்த விளையாட்டு இன்னும் முடியவில்லை.

வேன் கிளம்பும் முன் கிருபாசங்கர் மனைவியைத் தனியாக அழைத்தான். அக்கா பிரவீனாவிடம் தானே பேசிக்கொள்வதாகவும், ரித்திகாவே ஓட்டட்டும் என்றும் சொன்னான்.

"நீங்க சொன்னா, நான் சொல்லச் சொல்லி நீங்க சொன்னதாத்தானுங்க ஆகும்" என்றாள் லோகப்பிரியா. "இப்பத்தான் அவிய நம்ம வாசப்படி மிதிச்சிருக்காங்க. நம்ம புள்ளைய நாமளே முன்னால உக்காத்தி வெக்கறதா?"

அவள் வளர்ந்த முறை அப்படி. விசேஷ வீட்டில் வந்தவர்கள் கை கழுவி எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் இலை போட்டு உட்காருவார்கள். அதுவரை வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு பசித்தாலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிய வேண்டும். ஒருமுறை அந்த முறை பிசகித்தான் இரண்டு வருடம் உறவு அறுந்துகிடந்தது. இனி பிசகக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

*

அவிநாசி ரோட்டில் ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கில் போட்டி. நடுவில் இரண்டு களங்கள், மூன்று பக்கமும் பார்வையாளர் படிகள். ஓரத்தில் பயிற்சிக்காக ஒரு சின்னக் களம்.

ஆட்டம் இதுதான். களத்தின் ஒரு முனையில் பஞ்சுப் பந்துகள் சிதறிக் கிடக்கும். வண்டி போய் அவற்றை வாரிக்கொண்டு, நடுவில் நிற்கிற இரண்டு தூண்களுக்கு இடையே நுழைந்து, மறுமுனையில் உள்ள கூடையில் கொட்ட வேண்டும். இப்படி எத்தனை நடை முடியுமோ அத்தனை. மணி அடிக்கும்போது வண்டி தான் கிளம்பிய கட்டத்துக்குத் திரும்பியிருந்தால் கூடுதல் புள்ளி. தூண்களுக்கு நடுவில் உள்ள வழி, வண்டியின் அகலத்தைவிட ஒரு கையகலம்தான் அதிகம்.

சபரீஷ் தன் அப்பாவை வரவேற்கப் படிக்கட்டுப் பக்கம் போயிருந்தான். பயிற்சிக் களத்தில் ஆயில் சீல் அணியின் முறை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ரிமோட்டை ரித்திகா கையில் எடுத்தாள்.

ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுற்றும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். சுற்றாது. உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் ஒரு சுற்று முன்னே பின்னே இருக்கும்; பேரிங் ஒன்று கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். அந்த வித்தியாசம் கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாது. சக்கரத்தை மாட்டி ஓடவிட்டால் தெரியும். இந்த வண்டியில் இடது மோட்டார் ஒரு பிடி மெதுவு. அதனால் ரிமோட்டில் சக்கரத்துக்கு ஒன்றாக உள்ள இரண்டு குச்சிகளையும் சமமாகத் தள்ளினாலும், வலது பக்கம் முந்திக்கொண்டு வண்டி இடதுபுறம் சாய்ந்து போகும். பேட்டரி இறங்க இறங்க அந்தச் சாய்வு கூடும்.

இதற்கு மூன்று வைத்தியம் உண்டு. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிற சென்ஸாரைப் பொருத்தினால், வண்டியே தன்னைத் திருத்திக்கொள்ளும். அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். நிரலில் வலது மோட்டாரின் வேகத்தைக் குறைத்துவைப்பது இரண்டாவது. அது சுலபம், ஆனால் வண்டி எந்நேரமும் மெதுவாகவே ஓடும். மூன்றாவது வைத்தியம் ஓட்டுகிறவரின் கட்டைவிரல்.

ரித்திகா மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். தான்தானே ஓட்டப்போகிறோம் என்ற நினைப்பில். திறந்த இடத்தில் இரண்டு குச்சிகளையும் முழுக்கத் தள்ளிவிடுவாள். வண்டி இடதுபக்கம் இழுக்கும் இழுப்பையே ஒரு வளைவாக்கிப் பந்துகளைச் சுற்றி வருவாள். தூண்களை நெருங்கும்போது மட்டும் வலது விரல் ஒரு நூல் தளரும். வண்டி நேராகி, எதையும் உரசாமல் உள்ளே நுழையும்.

மகள் ஓட்டுவதை லோகப்பிரியா தள்ளி நின்று பார்த்தாள். வண்டியில் எந்தக் குறையும் தெரியவில்லை. இவ்வளவு நேராகப் போகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறது என்றாளே என்று நினைத்தாள்.

வேலியின் அந்தப் பக்கம் பீளமேட்டு அணியின் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண்ணும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிற வயது இருக்கும். அவள் வண்டியைப் பார்க்கவில்லை. ரித்திகாவின் விரல்களைப் பார்த்தாள்.

*

முதல் ஆட்டம். களத்துக்குள் ஓட்டுநரும் பயிற்சியாளரும் மட்டும் நிற்கலாம். மற்றவர்கள் வேலிக்கு வெளியே. சபரீஷுக்குப் பக்கத்தில் லோகப்பிரியா நின்றாள். படிகளில் பிரவீனாவும் அவள் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாராக இருந்தார். பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு லோகப்பிரியா அவரை அன்றுதான் பார்க்கிறாள். கைகூப்பினாள். அவரும் தலையசைத்தார். அதிலேயே அவளுக்குப் பாதி நெஞ்சு நிறைந்துவிட்டது.

மணி அடித்ததும் சபரீஷ் நன்றாகத்தான் ஆரம்பித்தான். பந்துகளை வாரினான். தூண்களைப் பார்த்து வண்டியைத் திருப்பி இரண்டு குச்சிகளையும் தள்ளினான். பதற்றம் வந்தால் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். இரண்டு விரலையும் ஒரே பலத்தில் அமுக்கினான்.

வண்டி இடதுபக்கத் தூணில் போய் முட்டியது.

பின்னால் எடுத்து மறுபடி வந்தான். மறுபடி அதே தூண். மூன்றாவது முறை முட்டியதில் முன்சக்கரம் தூணின் அடிக்கட்டையில் ஏறி, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து பந்துகளைக் கொட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. சக்கரங்கள் மட்டும் காற்றில் சுற்றின.

வேலிக்கு வெளியே ரித்திகா நின்றுகொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. அவளுடைய வலது கட்டைவிரல் மட்டும், கையில் எதுவும் இல்லாமலே, மெல்ல மேலே எழும்பி எழும்பி இறங்கியது.

அப்போதுதான் லோகப்பிரியாவுக்கு உறைத்தது. ஒரு இயந்திரம் சொல்வதைக் கை வைத்துக் கேட்கத் தெரிந்தவள், மகள் வாய் திறந்து சொன்னதைக் கேட்காமல் விட்டிருக்கிறாள்.

மேசைக்குத் திரும்பியதும் ரித்திகா யாரும் கேட்காமலே லேப்டாப்பைத் திறந்தாள். வலது மோட்டாருக்கு நூறு என்று இருந்த இடத்தில் தொண்ணூற்று மூன்று என்று மாற்றினாள். சாய்ந்து விழுந்ததில் நெளிந்த தகட்டை தேஜா தட்டி நிமிர்த்தினான்.

"இனி நேராப் போகும்" என்றாள் சபரீஷிடம். "என்ன, வேகம் கெடைக்காது. ரெண்டு நடைக்கு மேல முயற்சி பண்ணாத. சீக்கிரமே கட்டத்துக்கு வந்துரு."

"நீ ஓட்டுனா எத்தனை நடை ஓடும்?" என்று கேட்டான் அவன்.

"அது எதுக்கு இப்ப?" என்று லேப்டாப்பை மூடினாள்.

அவள் சொன்னபடியே நடந்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் வண்டி நேராகப் போனது. மெதுவாகவும் போனது. கேவலம் என்று சொல்ல முடியாத, ஜெயித்தது என்றும் சொல்ல முடியாத ஆட்டங்கள்.

இடையில் சாப்பாடு. பிரவீனா பெரிய அடுக்குப் பாத்திரத்தில் அரிசியும் பருப்புஞ்சாதம் செய்து கொண்டுவந்திருந்தாள். மேலே ஊற்றத் தனியாக நெய். லோகப்பிரியா கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டு முதலில் பிரவீனாவின் கணவருக்கு, பிறகு சபரீஷுக்கு, தேஜாவுக்கு, மற்ற இரண்டு பிள்ளைகளுக்கு என்று தட்டு தட்டாகப் போட்டாள்.

"ரித்திகாவுக்கு வெக்கிலியா அம்மணி?" என்று பிரவீனா கேட்டாள்.

"அவ நம்ம புள்ளதானுங்க நங்கையா. பொறவு தின்னுக்குவா" என்றாள் லோகப்பிரியா நாத்தனாரிடம்.

கடைசியில் ரித்திகாவுக்கு அடிச்சோறுதான் மிச்சம். நெய் தீர்ந்திருந்தது. அவள் அதை வழித்துப் போட்டுக்கொண்டு, தகட்டில் திருகு சரியாக இருக்கிறதா என்று பார்த்தபடியே சாப்பிட்டாள்.

*

இந்தப் போட்டியில் ஒரு முறை உண்டு. ஆட்டங்கள் முடிந்ததும் முதல் எட்டு இடங்களில் உள்ள அணிகள் ஆளுக்கு ஒரு துணை அணியைத் தேர்ந்தெடுக்கும். அதற்குப் பிறகு இரண்டு வண்டிகளாகச் சேர்ந்து இறுதிச் சுற்று ஆடலாம். துணைக்கு வருகிற அணி பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. அதனால் நல்ல அணிகள் நாள் முழுக்க அரங்கைச் சுற்றி வந்து, யாரிடம் என்ன திறமை ஒளிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பின்தங்கிய அணிக்கு அதுதான் கடைசி வாசல்.

பச்சைச் சட்டைப் பெண் ஆயில் சீல் மேசைக்கு வந்தாள். தன் பெயர் பிரத்யுஷா என்றாள். பீளமேட்டு அணி அப்போது இரண்டாவது இடத்தில் இருந்தது.

"காலையில பிராக்டீஸ்ல ஓட்டுனது நீதானே?" என்று ரித்திகாவிடம் நேராகவே கேட்டாள். "அந்த இழுப்ப வெச்சே வளைச்ச பாரு, அது எங்க டீம்ல யாருக்கும் வராது. ஃபைனல்ஸ்ல நீ ஓட்டுவியா? ஓட்டுனா உங்களத்தான் கூப்புடப்போறோம்."

ஓட்டுகிறவரை மாற்றுவதில் சிக்கல் எதுவும் இல்லை. நடுவர் மேசையில் பயிற்சியாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ரித்திகாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் அதை உடனே அணைத்துவிட்ட விதத்தையும் லோகப்பிரியா பார்த்தாள்.

"எங்க மேடத்தைத்தான் கேக்கோணுங்க்கா" என்றாள்.

பிரத்யுஷா திரும்பினாள். தேஜா திரும்பினான். சபரீஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

லோகப்பிரியா படிகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிரவீனாவின் கணவர் பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் காட்டி, வீடியோவில் வண்டி ஓட்டுகிற மகனைச் சுட்டிக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பதை லோகப்பிரியாவால் அங்கிருந்தே பார்க்க முடிந்தது. எழுந்து போன மனிதர். மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிற மனிதர். இப்போது போய், உங்கள் மகன் எழுந்திருக்கட்டும், என் மகள் உட்காரட்டும் என்று எப்படிச் சொல்வது?

"இப்ப ஓட்டறவரேதான் ஓட்டுவாரும்மா" என்றாள்.

சொன்ன கணமே அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. பிரத்யுஷா, "சரிங்க மேடம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஓடிப்போய்க் கூப்பிடலாம். பத்தடி தூரம்தான். லோகப்பிரியா நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஒலிபெருக்கியில் அணிகளின் பெயர்களைக் கூப்பிட்டார்கள். பீளமேடு தனக்குத் துணையாகத் திருப்பூர் அணி ஒன்றை அழைத்தது. எட்டுப் பெயர்களும் முடிந்தன. ஆயில் சீல் என்ற பெயர் வரவில்லை.

*

படிகளில் இருந்து இறங்கி வந்த பிரவீனா, பிள்ளைகள் ஏன் சாமான்களை எடுத்துவைக்கிறார்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான் முடிந்துவிட்டது என்றாள் லோகப்பிரியா. அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். தேஜாவுக்கு வாய் நிற்கவில்லை. பீளமேட்டுக்காரர்கள் வந்து கேட்டதையும், ரித்திகா ஓட்டினால் கூப்பிடுவதாகச் சொன்னதையும், மேடம் மறுத்ததையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டான்.

பிரவீனா நாத்தனாராகத் தம்பி மனைவியைப் பார்க்கிற பார்வை மாறிப்போய், ஒன்றும் புரியாதவள் மாதிரி நின்றாள்.

"ஏன் அம்மணி மாத்தல?"

"நீங்க அன்னிக்குக் கேட்டீங்கல்லங்க நங்கையா."

"நான் என்ன கேட்டேன்?"

லோகப்பிரியா கழுத்து அட்டையைக் கழற்றிச் சுருட்டினாள்.

"சபரீஷுக்கும் ஏதாச்சும் ஒரு வேலை குடுன்னு சொன்னேன்" என்றாள் பிரவீனா. குரலை உயர்த்தவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "திருகு முடுக்கறதோ, பேட்டரி தூக்கறதோ, ஏதாச்சும். புள்ளை சும்மா நின்னுட்டு இருப்பானேன்னு சொன்னது அது. ரித்திகா கையில இருக்கறதப் புடுங்கிக் குடுன்னா கேட்டேன்? என்னை அப்படிப்பட்டவளுன்னா நெனச்சுபோட்ட?"

"இல்லீங்க நங்கையா, மரியாதைக்கு..."

"மரியாதை உனக்கு. எனக்கென்ன இதுல? நாளைக்கு அந்தப் புள்ளை என் மொகத்தைப் பாத்தா என்ன நெனைக்கும்?"

பிரவீனா காலி அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கணவர் இருந்த பக்கம் நடந்தாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. யாரை உட்கார வைக்க வேண்டும் என்று லோகப்பிரியா இத்தனை பாடுபட்டாளோ, அவர்கள் இந்தமுறையும் மனக்குறையோடு எழுந்து போனார்கள்.

சபரீஷ் மட்டும் பின்தங்கி நின்றான்.

"அத்தை, ஒண்ணு சொல்லட்டுங்களா? எனக்கு ஓட்டறதே பயமுங்க. போன வாரமே ரித்திகாகிட்ட நீயே ஓட்டு, நான் காய்ச்சல்னு படுத்துக்கறேன்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"வேண்டாம்னுட்டா. எங்கம்மா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க, இப்ப மாத்துனா எங்கம்மாவுக்குத்தான் தலைகுனிவுன்னா."

எங்கம்மா. அவனிடம் பேசும்போது ரித்திகா அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

லோகப்பிரியா மகளைத் தேடினாள். ரித்திகா பெரிய களத்தின் வேலியோரம் நின்று பீளமேட்டு வண்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கறுப்புச் சென்ஸார். சுற்றுகளை எண்ணித் தன்னைத் தானே நேராக்கிக்கொள்கிற வண்டி. அது தூண்களுக்கு நடுவே ஒவ்வொரு முறை நுழையும்போதும் ரித்திகா தலையை லேசாக ஆட்டி ரசித்தாள். அழுதுகொண்டிருந்தால்கூடப் பக்கத்தில் போயிருக்கலாம். அவள் அழவில்லை.

*

வேனில் திரும்பும்போது கிருபாசங்கர் கண்ணாடியில் ஒருமுறை மனைவியைப் பார்த்தான். காலையில் சொன்னேனே என்று அவன் கேட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கேட்கவில்லை. பின்சீட்டில் ரித்திகா மடியில் லேப்டாப்பை வைத்து எதையோ தட்டினாள்.

பிள்ளைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுப் பட்டறைக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கிருபாசங்கர் டீ வாங்கப் போனான். ரித்திகா பேட்டரிகளை எடுத்துப்போய் சார்ஜரில் வரிசையாக மாட்டினாள்.

லோகப்பிரியா வண்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள். அதில் இன்னும் ஒரு பேட்டரி இருந்தது. பட்டறைத் தரையில் ஷட்டரில் இருந்து உள்ளே லேத் வரைக்கும் சிமெண்ட் இணைந்த கோடு ஒன்று நேராக ஓடும். அந்தக் கோட்டின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு ரிமோட்டைக் கையில் எடுத்தாள். இத்தனை மாதத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. ஓட்டுவது பிள்ளைகளின் வேலை என்று இருந்துவிட்டாள்.

இரண்டு குச்சிகளையும் தள்ளினாள். வண்டி வேகமெடுத்தது. தொண்ணூற்று மூன்று இல்லை இது. வரும் வழியிலேயே ரித்திகா பழையபடி நூறுக்கு மாற்றியிருக்கிறாள்.

சற்றுத் தூரம் கோட்டில் போன வண்டி, மெல்ல மெல்ல இடதுபக்கம் ஒதுங்கி ஆயில் சீல் பெட்டிகளில் மோதி நின்றது.

எடுத்து வைத்து மறுபடி ஓட்டினாள். மறுபடி பெட்டி. மூன்றாவது தடவை வலது விரலைத் தளர்த்திப் பார்த்தாள். தளர்த்தியது அதிகமாகி வண்டி வலதுபக்கம் திரும்பி லேத்தின் காலுக்கு அடியில் போயிற்று.

"எவ்வளவு கண்ணு தளர்த்தோணும்?" என்று கேட்டாள்.

"அதைச் சொல்லித்தர முடியாதுங்க மேடம்." ரித்திகா திரும்பாமலே சொன்னாள். "பேட்டரிக்குத் தக்கன மாறும். கை பழகோணும்."

"நீ அன்னிக்கே சொன்ன. நான் கேட்டிருக்கோணும்."

சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று ரித்திகா குனிந்து பார்த்தாள்.

"சபரீஷ் எல்லாஞ் சொன்னான்" என்றாள் லோகப்பிரியா. "இங்க வேற யாரும் இல்ல இப்ப. அம்மான்னே கூப்புடு கண்ணு."

ரித்திகா நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல இருந்தது. கடைசியில் சொன்னது வேறு.

"கெளம்பறப்ப பிரத்யுஷாக்கா அவங்க நம்பர் குடுத்துருக்காங்க. அவங்க பிளஸ் டூ போறாங்களாம். அடுத்த வருசம் அவங்க டீமுக்கு டிரைவர் இல்ல. ஞாயித்துக்கிழமை பீளமேட்டுக்கு வந்து ஓட்டிக் காட்டச் சொன்னாங்க."

லோகப்பிரியா வண்டியை மறுபடி கோட்டில் வைத்துத் தள்ளியிருந்தாள். அது இடதுபுறம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"நீ என்ன சொன்ன?"

"என்ற கோச்சைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

வண்டி பெட்டியில் முட்டியது. லோகப்பிரியாவின் இரண்டு கட்டைவிரல்களும் குச்சிகளின் மேலேயே இருந்தன. அவற்றை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் இரண்டு சக்கரங்களும் நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. வலது சக்கரம் மட்டும் ஒரு பிடி வேகமாக.

ரித்திகா கைகளைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றாள்.

"போகட்டுங்களா மேடம்?"